சம்

போன வெள்ளிக்கிழமை வரை
எனக்கு அந்தச் சொல்லோடு சண்டை கிடையாது.

காவேரிப்பட்டணம் ரோட்டில் மாங்கூழ் ஆலை.
ஏற்றுமதிப் பிரிவில் கடிதம் எழுதுகிறவள் நான்.
மே பிறந்துவிட்டால்
பெங்களூரா ஏற்றிய லாரிகள்
கேட்டைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி நிற்கும்.
ஜெட்டாவுக்கு எழுதுவேன்:
சம் டிரம் தயார், சம் டிரம் தாமதம்.
எத்தனை என்று அவர்கள் கேட்டதில்லை.
நானும் போய் எண்ணியதில்லை.

தமிழில் அதற்கு நேரான ஆள் கிடைப்பது கஷ்டம்.
சில என்றால் எண்ணிவிடலாம்போல் இருக்கிறது.
கொஞ்சம் என்றால் டம்ளர் கேட்கிறது.
பாதி நேரம் நாம் எதுவுமே சொல்வதில்லை.
தண்ணி இருக்கா?
இருக்கு.
வெள்ளைக்காரன்தான் தண்ணீருக்கு முன்னால்
ஒரு சம் வைத்துவிட்டுக் குடிக்கிறான்.

எங்கள் ஊருக்கு அது தனியாக வரவில்லை.
பின்னால் ஒரு திங் ஒட்டிக்கொண்டு வந்தது.
கவருக்குள் மடிந்து
மேஜைக்கு அடியில் கைமாறும் சம்திங்.
கேட்கிறவர் எவ்வளவு என்று வாயால் சொல்லமாட்டார்.
விரலால் காட்டுவார்.

விரல்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது ஷிப்ட்.
பல்ப்பருக்குக் கரண்ட் இன்னும் நிற்கவில்லை என்று
ஜெகதேவிப் பக்கத்து மாதம்மாவிடம்
யாரும் சொல்லவில்லை.
மூடியைத் திறந்து கொட்டை எடுக்கக் கை விட்டாள்.
தொட்டியில் பெங்களூரா
கொஞ்ச நேரம் செந்தூரா நிறத்தில் சுழன்றதாம்.
கீழே கொட்டிய கூழ் நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
அது ரிஜிஸ்டரில் கிராம் பிசகாமல் இருக்கிறது.

இன்சூரன்ஸ் படிவத்துக்கு
குப்புராஜ் சார் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன்.
சம் விரல்களில் சம் காயம்.
"எத்தனை சார்?"
"சம்னு போடும்மா.
நம்பர் போட்டா நம்பருக்கு ஒரு ரேட் இருக்கு."

சனிக்கிழமை கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரி.
மாதம்மாவின் கை வெள்ளைத் துணியில்
பழுக்க வைத்த காய் மாதிரி பொதிந்து கிடந்தது.
எத்தனை என்று கேட்க எனக்கு நாக்கு வரவில்லை.
அவளே சொன்னாள்:
"சுண்டுவிரல் முழுசும் போச்சு.
பக்கத்து விரல்ல பாதி.
மோதிரம் இன்னும் போடலாம்,
அது அடகுலதான் கிடக்குது."
சிரித்தாள். இருமினாள். மறுபடி சிரித்தாள்.
பிறகு கூடைக்கு எண்ணுகிற குரலில்
லாபம், ரெண்டு, மூணு என்று ஆரம்பித்து
எட்டில் வந்து நின்றாள்.
"எட்டரை."

வண்டியில் திரும்பும்போது ஆத்திரமாக வந்தது.
அரை, கால், அரைக்கால், மாகாணி,
அதற்கும் கீழே இறங்கி
முந்நூற்றிருபதில் ஒரு பங்குக்கு
முந்திரி என்று பெயர் வைத்த பாஷை.
அதைப் பேசுகிறவளின் கையை
மூன்றெழுத்தில் மூடப் பார்த்தேன் நான்.

இதில் தமிழும் யோக்கியம் இல்லை.
நம்முடைய சம் ஓர் ஓகாரத்துக்குள் ஒளிந்திருக்கிறது.
யாரோ சுவிட்சை அணைக்கவில்லை.
ஏதோ கைதவறி நடந்துவிட்டது.
எப்போதோ சரிபார்த்த மெஷின்.
கேட்பதற்கு எவ்வளவு மெத்தென்று இருக்கிறது,
பஞ்சு மாதிரி, ரத்தம் வெளியே தெரியாமல்.

ஞாயிறு ஆபீசில் வாட்ச்மேனைத் தவிர ஆள் இல்லை.
படிவத்தைத் திறந்தேன்.
என் கீபோர்டில் அரைக்குத் தனிப் பித்தான் கிடையாது.
ஒன்று. இடைவெளி. ஒன்று. சாய்கோடு. இரண்டு.
ஐந்து தட்டு,
எந்த விரல் எதைத் தட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே.
அனுப்பினேன்.

இன்று காலை கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார்.
ஓசூர் கிளையிலிருந்து போன் வந்ததாம்.
"யாரோ படிவத்தில் ஏதோ மாத்தியிருக்காங்க."

வெளியே லாரி ஒன்று பின்வாங்கிக்கொண்டிருந்தது,
கிளீனர் பின்பக்கம் தட்டிச் சத்தம் கொடுத்தான்.
அது அடங்கும்வரை நின்றேன்.

யாரோ இல்லை சார்,
நான்.