மண்டேரா, மொழிபெயர்ப்பாளன்

மூன்று நாடுகள் முட்டிக்கொள்ளும் முனையில்
தகரக் கூரை போட்ட ஓர் அறை.
மேசைக்கு அந்தப் பக்கம்
நைரோபியிலிருந்து வந்த அதிகாரி.
இந்தப் பக்கம் என் சனம்.
நடுவில் நான்,
மாதச் சம்பளத்துக்கு ஒரு வாய்.

சுவாஹிலியில் வரும் கேள்வியைச் சோமாலியில் கொடுப்பேன்.
சோமாலியில் வரும் பதிலுக்குச்
சற்றுத் தலைவாரி அனுப்புவேன்.

"எங்கே பிறந்தாய்?"
ஒட்டகக்காரன் கூலேத் யோசிக்கவே இல்லை:
"மழை பெய்த இடத்தில்."

அந்த வருடம் மழை
தாவா ஆற்றுக்கு அக்கரையில் பெய்தது.
எனக்குத் தெரியும்.
எங்கள் வீடுகளில் அந்த வருடத்துக்கே
அக்கரை மழை என்றுதான் பெயர்.
அக்கரை எத்தியோப்பியா.
வறண்ட மாதங்களில்
முழங்கால் நனையாமல் போய்விடலாம்
அந்த எத்தியோப்பியாவுக்கு.

"மண்டேரா" என்றேன் சுவாஹிலியில்.
அதிகாரி எழுதத் தொடங்கினார்.
பேனா நின்றது. உதறினார். மறுபடி எழுதினார்.
அதுவரை நான் மூச்சு விடவில்லை.

கூலேத்
பதினெட்டுத் தலைமுறைப் பெயர்களை
இருமாமல் சொல்லக்கூடியவன்.
படிவத்தில் பாட்டனுக்கு ஒரே ஒரு கட்டம்.

அடுத்து டீக்கோ. பத்தொன்பது வயது.
செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது,
அட்டை கிடைக்கவில்லை.
"தேசிய கீதம் பாடு."
மூன்று பத்தியும் பாடினாள்.
இரண்டாவதிலேயே
அதிகாரியின் உதடு அசைவதை நிறுத்திவிட்டது.

"கென்யாவும் சோமாலியாவும் பந்து ஆடினால்
நீ யார் பக்கம்?"
படிவத்தில் இல்லாத கேள்வி.
நான் வாயெடுப்பதற்குள்
அவளே சுவாஹிலியில் சொன்னாள்:
"மைதானத்துக்குள் போகவே
அட்டை கேட்பார்களே, ஐயா."

சிரித்தார். ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை.
அடுத்த வியாழன் வரச் சொன்னார்.

நீலக் கொடியின் வெள்ளை நட்சத்திரத்தில்
ஐந்து முனைகள்.
அதில் ஒரு முனையை எங்களுக்கென்று வரைந்தார்கள்.
எங்களைக் கேட்டு வரையவில்லை.
கேட்டிருந்தால் அப்பா "ஆம்" என்றிருப்பார்,
இரண்டு முறை சொல்லியிருப்பார்.
நான்?
என் மகள் நைரோபியில் கணக்குப் படிக்கிறாள்.
என் ஒட்டகங்கள் புலா ஹவாவில்
மச்சான் பொறுப்பில் மேய்கின்றன.
என் கைபேசியைச் சன்னலோரம் வைத்தால்
"சோமாலியா உங்களை அன்புடன் வரவேற்கிறது" என்று துடிக்கும்.
கதவோரம் வைத்தால் மறுபடி கென்யா.
நான் அதை நடுவில் வைத்துக்கொள்கிறேன்.
நடுவில் சிக்னலே இல்லை.

என் தம்பி ஹிலோலே கென்யச் சீருடையில் செத்தான்.
எல்லைச் சாவடியில்,
நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைக்
கையில் எடுத்த நேரம்.
சுட்டவர்கள் முதலில் சலாம் சொன்னார்களாம்,
எங்கள் வாய்மொழியிலேயே, எங்கள் இழுவையோடு.
சந்தூக்கின் மேல்
கறுப்பும் சிவப்பும் பச்சையுமாய்க்
கொடி போர்த்தினார்கள்.
அடக்குவதற்கு முன் மடித்து
வாங்கிக்கொண்டு போனார்கள்,
இருப்புக் கணக்கில் வைக்க வேண்டுமாம்.

இன்று வரிசையில் நாற்பத்து மூன்றாவது
அவன் மகன் லீபான்.
போன மாதம் பதினெட்டு முடிந்தது.
வெள்ளைச் சட்டை,
கழுத்துப் பட்டையில் இஸ்திரியின் பழுப்புத் தடம்.

அதிகாரி தலை நிமிராமல் கேட்டார்:
"தகப்பன் கென்யக் குடிமகன்தான் என்பதற்கு
என்ன சான்று?"

லீபானுக்கு என்னைவிட நன்றாகச் சுவாஹிலி வரும்.
கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது
அவன் காது சிவந்ததில் தெரிந்தது.
ஆனாலும் விதிப்படி
நான் ஒருமுறை சொல்லியாக வேண்டும்.

தொண்டையைச் செருமிக்கொண்டு
சோமாலியில் கேட்டேன்:
"காலையில் ஏதாவது சாப்பிட்டாயா?"

என்னையே பார்த்தான்.
"இல்லை, பெரியப்பா."

பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு
அதிகாரி என் பக்கம் திரும்புகிறார்:
"என்ன சொல்கிறான்?"