கை உளைந்த இடம்

பற்றரிக்குத் தடை.
சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
பெடலைக் கையால் சுற்றினான் அமலதாஸ்.
டைனமோ வயரில் கசற் உயிர்த்தது.
பாட்டை ஓடவிட்டோம்;
எங்களுக்கு வேண்டியது இடையில் வருகிற இசை.

"உது ஓபோ."
"விசரே? கிளாரினெட். நனைஞ்ச மரத்தின்ர குரல் கேள்."
ரெண்டையும் கண்ணால் கண்டதில்லை.

ஏ பக்கக் கடைசியில்,
பார்க்காத படத்தின் நாயகி
கடிதம் கிழிப்பாள் என்று நாங்களே தீர்மானித்த இடத்தில்,
ஒரு செல்லோ
அடித்தொண்டையால் அழும்.
மல்லாவி முழுக்க அதைத்தான் முணுமுணுத்துத் திரிந்தேன்.

கரண்ட் வந்தபிறகு
அதே கசற், அதே இடம்:
வயலின்.
மெல்லிசாய், ஆரோ பிறத்தியார் மாதிரி.

அமலதாசுக்குப் போன் எடுத்தேன்.
கொஞ்சம் பேசாமல் இருந்தான்.
"அந்த இடம் வரேக்க
எனக்குக் கை உளைஞ்சிடும்."