நாற்பத்தேழாயிரம் ஓம்

பங்கு பிரித்தபோது
சுழல்மேடையும் ஊசியும் எனக்கு வந்தன.
ஆம்ப்ளிஃபயர் இல்க்வார்ஸோடு போனது.
வக்கீலின் பட்டியலில் "ஒலிச்சாதனம், ஒன்று" என்றுதான் இருந்தது.
நடுவில் கோடு போட்டது நாங்கள்.

லியெபாயாவில் நவம்பர்.
கடல்காற்றுக்கு என் ஜன்னல் ஒரு ஊதல்.
தெருமுனையில் டிராம் திரும்புவது
எனக்கு முன்னால் ஊசிக்குத் தெரிந்துவிடும்,
தரை சொல்லிவிடும்.

பழம்பொருள் சந்தையில் வேறோர் ஆம்ப்ளிஃபயர் வாங்கி மாட்டினேன்.
கூட்டுப் பாடகர் தட்டு. நாற்பது பேர் வாய் திறந்தார்கள்.
ஒவ்வொரு 'ஸ்'ஸும்
சூடான கல்லில் தெறித்த தண்ணீர்.
எங்கள் மொழியில் ஆண்களின் பெயர் பெரும்பாலும் 'ஸ்'ஸில்தான் முடியும்.
ஊசிக்கு ஆண்கள் மேல் என்ன கோபமோ என்று நினைத்தேன்.
இரண்டு நாள் அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

மீன்பிடிக் கப்பலில் பதினொரு வருடம்
ரேடியோ அதிகாரி நான்.
இரைச்சலுக்கு முகவரி உண்டு என்று தெரியும்.
ரொட்டிக் கடை ரசீதின் முதுகில் எழுதினேன்:
ஊசிக்கையின் உள்ளே ஓடும் மயிரிழைக் கம்பி, முப்பது பிக்கோஃபாரட்.
ஒன்றரை மீட்டர் கேபிள், நூற்றைம்பது.
ஆம்ப்ளிஃபயர் வாசலிலேயே யாரோ பற்றவைத்த கெப்பாசிட்டர், இருநூற்றிருபது.
கூட்டினால் நானூறு.
என் ஊசி தாங்குவது இருநூறு.
மிஞ்சினால் உச்சத்தில் ஒரு மேடு முளைக்கும்,
மேட்டுக்குப் பின்னால் பள்ளம்.
'ஸ்' ஏறி நின்று துப்பியது அந்த மேட்டிலிருந்து.

பொருத்தம் என்றால்
இரண்டு பக்கமும் சமம் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன்.
வைத்துப் பாருங்கள்:
சுருளில் எழுநூறு ஓம், எதிரே எழுநூறு ஓம்.
பாதிக் குரல் சுருளைத் தாண்டாது.
கேட்கிற பக்கம் நாற்பத்தேழாயிரமாக இருக்க வேண்டும்,
அநேகமாக எதையும் பிடுங்காமல் கேட்க வேண்டும்.
அதற்காக ஒன்றுமே கேட்காமலும் இருக்க முடியாது.
சுமையில்லாத சுருள்
தன் மணியைத் தானே நிறுத்தத் தெரியாமல் அடித்துக்கொண்டிருக்கும்.

கரண்டிகளைக்கூட நாங்கள்
ஆறு ஆறாகப் பிரித்தோம்.

மூடியைக் கழற்றி, ஈயத்தை இளக்கி
இடதில் ஒன்று, வலதில் ஒன்று, பிடுங்கினேன்.
உள்ளங்கையில் பழுப்பாக இரண்டு பருப்பு.
அன்று இரவு நாற்பது பேரும் ஓரடி பின்வாங்கி நின்று பாடினார்கள்.
பெயர்கள் பெயர்களாகவே முடிந்தன.

வாரக் கடைசியில் இல்க்வார்ஸ் கூப்பிட்டான்.
புது சுழல்மேடை, புது ஊசி வாங்கியிருக்கிறானாம்.
"எல்லாரும் கம்பளிக்குள்ளிருந்து பாடுகிறார்கள்."
பெட்டிக்குள் இருக்கும் தாளை வாசிக்கச் சொன்னேன்.
கண்ணாடி தேடினான். காத்திருந்தேன்.
"முந்நூறிலிருந்து நானூறு வரை."
அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரின் வாசலில் எதுவும் கிடையாது,
கம்பி, கேபிள் எல்லாம் சேர்த்தும் நூற்றிருபதுக்கு மேல் தேறாது.
பட்டினி.
சிரிப்பு வந்தது, காரணம் சொல்லவில்லை.

இரண்டு பருப்பையும் உறையில் போட்டேன்.
கூடவே ஒரு சீட்டு:
இரண்டும் ஒரே அளவு.
இணையாகப் பற்றவை, தொடராக அல்ல.
சூடு காட்டிக்கொண்டே இருக்காதே.
கடைசி வரி ஏனென்றால்
அவன் சால்டரிங் இரும்பு வைத்த கறுப்பு வடு
என் பங்குக்கு வந்த சமையலறை மேஜையில் இன்னும் இருக்கிறது.

பத்து நாள் கழித்துக் குறுஞ்செய்தி.
"கம்பளி போய்விட்டது. வலது பக்கம் கொஞ்சம் கருகிவிட்டது."

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன்.
அந்தக் கெப்பாசிட்டரை வாசலில் வைத்தவன் முட்டாள் இல்லை.
வெளி அலைகள் உள்ளே வராமல் இருக்க வைத்தது.
இப்போது தட்டு முடிந்து
ஊசி கடைசி வட்டத்தில் சும்மா சுற்றும்போது,
நடுராத்திரிக்கு மேல்,
மிக மெல்லியதாக ஒரு ஆண் குரல் கசிகிறது.
எந்த நாடோ. மொழி பிடிபடவில்லை.
சீராக நிறுத்தி நிறுத்தி, எண்கள் படிக்கிற நடை.
வானிலையாக இருக்கலாம்.
தடுக்க ஐந்து நிமிட வேலை.
ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்து
காற்று எந்தத் திசை என்று
சொல்கிறானா பார்க்கிறேன்.