புளியரை எடைமேடை

இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை
நான் எழுதித் தருவதெல்லாம் டன் கணக்கு.
ஜல்லி, எம்-சாண்ட், தவிடு, வைக்கோல்.
மலையை உடைத்து ஏற்றிக்கொண்டு
மலை ஏறிப் போகின்றன லாரிகள்.
முதலில் வெறும் வண்டி. பிறகு பார வண்டி.
இரண்டுக்கும் நடுவே வருவதுதான் சரக்கு.
ஒன்பது வருடமாக இதில் எனக்குக் குழப்பமில்லை.

புனலூர் பேபிச்சன் கண்ணாடியைத் தட்டுகிறான்.
"எந்தாடா, கொச்சு உறங்ஙியில்லே?"
உறங்காதது நான்தான்.
அவள் பகலெல்லாம் நன்றாகத் தூங்குகிறாள்.
அவளுக்கும் நைட் ஷிப்ட்.

பிறந்து இருபத்து மூன்று நாள்.
ரெண்டாவதும் பொண்ணா, பரவாயில்லை என்று
இதுவரை ஏழு பேர் சொல்லிவிட்டார்கள்.
நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஒன்றை வளர்த்தவனுக்கு இரண்டாவது லேசு
என்றும் சொன்னார்கள்.
மூத்தவள் கைக்குழந்தையாக இருந்தபோது
அவள் தூங்கினால் நானும் தூங்கினேன்.
இப்போது சின்னவள் கண் மூடுகிற அந்த நிமிடத்துக்கென்றே
காத்திருந்து, ஒற்றைச் செருப்போடு வந்து நிற்கிறாள் நீரஜா.
"அப்பா, நான் யானை. நீ லாரி."
லாரி குப்புறப் படுத்துக் கிடக்கிறது.
யானை முதுகில் ஏறுகிறது.

நேற்று ஷீபாவின் மார்புக் களிம்பால் பல் தேய்த்தேன்.
பாதி தேய்த்த பிறகுதான்
நுரை வரவில்லையே என்று தோன்றியது.
அவள் சிரித்தாள், தையல் இழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
அப்படியே அழவும் செய்தாள்.
கோபம் என்றால் அவளுக்குத் தமிழ்,
அழுகை என்றால் மலையாளம்.
எனக்கு இரண்டும் புரியும்.
பதில்தான் எந்த பாஷையிலும் வருவதில்லை.

இன்று ஆறரை மணிக்கு, லாரி ஓய்ந்த நேரம்,
பின்கட்டிலிருந்து மூவரும் வந்தார்கள்,
சின்னவளுக்கு இளவெயில் காட்ட.
நீரஜா நேராக மேடையின் நடுவுக்கு நடந்தாள்.
பதினெட்டுச் சக்கர வண்டி நிற்கிற இடத்தில்
இரண்டு கால்.
"என்னைப் போடு."

இந்த மேடைக்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
அங்கன்வாடித் தராசில் அவள் பதினாலு.
இங்கே பத்து.
"பத்து" என்று கத்தினேன்.
"வாவயை?"
மூன்று கிலோ இருநூறு.
என் மேடையின் கண்ணுக்கே தெரியாத எடை.
சொல்லவில்லை.

சம்மணமிட்டு உட்கார்ந்து மடியை விரித்தாள்.
ஷீபா வேண்டாம் என்று என்னைப் பார்த்தாள்,
பிறகு கிடத்திவிட்டு, கை எட்டும் தூரத்தில்
மேடைக்கு வெளியே குத்துக்காலிட்டாள்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் தடுமாறி
இருபதில் நின்றன.

வெறும் வண்டி பத்து.
பார வண்டி இருபது.
"வாவ எவ்வளவு?"
"பத்து."
"நான்?"
"நீயும் பத்து."
யோசித்தாள். அவள் யோசிப்பதை நான் பார்த்து நாளாயிற்று.
"அப்ப சமமா?"
"சமம்."
குனிந்து வாவயின் நெற்றியை மோந்தாள்,
இருபத்து மூன்று நாளில் முதல்முறை.
பிறகு, "பால் நாத்தம்" என்று முகம் சுளித்தாள்.

ஆரியங்காவுப் பக்கமிருந்து காற்று பலமாக வந்தால்
காலி மேடையே பத்து காட்டும்.
இது மெக்கானிக்குக்கும் தெரியும்.
காற்றாகவே இருக்கட்டும்.
பத்து கிலோ என்றால் இந்த மூன்று வாரமாக
என் தோளுக்குக் கணக்கு சரியாக வருகிறது.

வைக்கோல் லாரி ஒன்று திரும்பி வந்து ஹாரன் அடித்தது.
ஷீபா சின்னவளை அள்ளிக்கொண்டாள்.
எண் பத்துக்கு இறங்கியது.
பத்து மட்டும் நகரவில்லை.
"மாறு மோளே" என்றார் டிரைவர்.
"சீட்டு இன்னும் வரலை" என்றாள் அவள்.

அடித்தேன்.
வண்டி எண் கேட்டது மெஷின்.
தூக்கக் கலக்கத்தில் என் போன் நம்பரைப் போட்டுவிட்டேன்.
கட்டணம் நூறு ரூபாய், ஓனர் பிடித்துக்கொள்ளட்டும்.