ஜாடியில் வளர்ப்பது

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
குவோபியோவின் பேருந்துகள் இருமிக்கொண்டே கிளம்புகின்றன.
என் கூடத்தில் மட்டும்
முந்நூறு லிட்டர் வெதுவெதுப்பான கடல்,
இரண்டு கோமாளி மீன்கள்,
கொஞ்சம் கோபித்துக்கொண்டால் மூன்று நாள் மூடிக்கொள்ளும் பவளம்.

அது மார்ச்சில் வந்தது,
பெல்கோனன் விற்ற கல்லின் அடியில் ஒட்டி,
டிக்கெட் எடுக்காத பயணியாக.
கண்ணாடி உடம்பு, பழுப்பு விரல்கள்.
பூ மாதிரி இருக்கிறது என்றான் ஆர்னி.
தன் கணக்கு டீச்சரின் பெயரை வைத்தான்:
திருமதி லெஹ்டோவாரா.

ஜூனில் நாற்பத்தொரு திருமதி லெஹ்டோவாராக்கள்.
அதற்குமேல் நான் எண்ணவில்லை.
பவளத்தின் ஓரத்தில் ஒன்று
தொட்டுத் தொட்டுச் சுட்டுக்கொண்டிருந்தது.
தொட்ட இடம் வெளுத்துப் போயிற்று.

பகலெல்லாம் நான்
பிறர் பல்லில் காறை சுரண்டுகிறவள்.
சுரண்டினால் போய்விடும் என்பது
இருபது வருடச் சம்பளம் தந்த நம்பிக்கை.
வேலையிடத்துப் பழைய கொக்கியைக் கொண்டுவந்து
சுரண்டினேன்.
கிழிந்த துணுக்கெல்லாம் ஆளுக்கொரு பொந்து பார்த்துத்
தனிக்குடித்தனம் போயின.

மூன்று இறால் வாங்கினேன்.
இதைத்தான் தின்னும் என்று சத்தியம் செய்தார் கடைக்காரர்.
மீனுக்குப் போட்டதைத் தின்று கொழுத்து
அதுகளின் மேலேயே ஏறி நின்று
மீசையை நீவிக்கொண்டன.

பிறகு ஊசி.
சுண்ணாம்பைக் கூழாகக் குழைத்து உறிஞ்சிக்கொள்.
பம்பை நிறுத்து. உன் நிழல் விழக் கூடாது,
விழுந்தால் துளைக்குள் போய்விடும்.
முதலில் ஒரு துணுக்கு இறால் கறி நீட்டு.
வாங்கிக்கொள்ளும். வாய் திறந்திருக்கும்.
அப்போது.

நாளைக்கு ஐந்துதான்; மிஞ்சினால் காரம் ஏறிப்
பவளமும் சேர்ந்து போகும்.
வேலையிடத்தில் ஈறு மரக்க ஊசி போடும்போது
கொஞ்சம் சுருக்கென்று இருக்கும் என்று
சொல்லிவிட்டுத்தான் போடுவேன்.
இங்கே ஒன்றும் சொல்லவில்லை.
கோடை முழுக்க, தினம் ஐந்து.
வெள்ளையாகச் சுருண்டு விழுந்த இடத்தில்
பத்து நாளில் குட்டிகள்.

செப்டம்பரில் தம்பெரேயிலிருந்து
ஒரு தெர்மாஸ் குடுவை ரயிலேறி வந்தது.
உள்ளே எட்டு ஓடில்லாக் கடல் நத்தைகள்,
நகக்கண் அளவு,
முதுகில் நரைத்த கூந்தல்.
விளக்கணைத்த பிறகுதான் வேலை.
இரவு இரண்டு மணிக்கு
நானும் ஆர்னியும் சிவப்பு டார்ச்சோடு
தரையில் உட்கார்ந்து பார்த்தோம்:
எதிரியின் காலடியில் போய்
தலையைப் புதைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல்.
வேறெதையும் தின்னாதாம் இந்தப் பிறவி.
இது ஒன்றுதான் சோறு.

நவம்பர் பாதியில் கல் சுத்தம்.
பவளம் விரிந்தது.
நான் கேக் வாங்கினேன், சின்னதாக.

மறுநாள் கண்ணாடியில் நத்தைகள்.
முப்பது இருக்கும், முட்டையிட்டுப் பெருகியவை.
மேலே போயின, கீழே வந்தன,
எதையோ தொலைத்தவை போல.
வியாழக்கிழமை ஒன்று வடிகட்டியில் கிடந்தது.

ரோவனியெமியில் ஒருவருக்குத் தொட்டி நிறைய அந்தப் பூதானாம்.
எடுத்துக்கொள்கிறேன் என்றார்.
ஆனால் ஜனவரியில்தான் வர முடியும்.
இன்னும் ஏழு வாரம்.

பெல்கோனனுக்குப் போன் செய்தேன்.
உங்களிடம் அது இருக்கிறதா?
வெகுநேரம் சிரித்தார். காசு வாங்கவில்லை.

இப்போது சமையலறை ஜன்னலில்
ஊறுகாய் தீர்ந்த ஜாடி, காற்றுக்குழாய், மேஜை விளக்கு.
அதே ஊசியை மூன்று முறை கழுவி
இறால் சாறு ஊட்டுகிறேன்.
டீச்சர் வந்துட்டாங்க என்கிறான் ஆர்னி.
ஊசி கிட்டே போனால்
விரல்களையெல்லாம் விரித்துக்கொண்டு
அண்ணாந்து நிற்கிறது.

இன்று காலை எண்ணினேன். ஏழு.
போதாது.