தரைத்தளம்

கூரை ரம்பப் பல்.
எல்லாப் பல்லும் வடக்கே பார்க்கின்றன.
வெயில் நூலில் விழாமல்
வெளிச்சம் மட்டும் இறங்கட்டும் என்று
எவனோ ஒருத்தன் கணக்குப் போட்டிருக்கிறான்,
என்னைப் போல நள்ளிரவில்,
ஆடை படிந்த டீயோடு.
தறிக்காரன் முதுகில் வேர்த்தது
அவன் கணக்கில் இல்லை.
என் கணக்கில் என்னென்ன இல்லையோ.

நானூற்றுப் பன்னிரண்டு வீடு,
கீழே கடை, இடையில் ஆபீஸ்,
நடுமுற்றத்தில் நீச்சல்குளம்.
புகைபோக்கியை மட்டும்
நான் கேட்காமலே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்,
லோகோவுக்கு ஆகும்.
இடம் புளியந்தோப்பு.
விளம்பரத்தில் 'பெரம்பூர் அருகே'.

இருபத்தோரு அடிக்கு ஒரு வார்ப்பிரும்புத் தூண்.
இடிக்கக் கூடாது என்று சண்டை போட்டது நான்தான்.
இரண்டு தூணுக்கு நடுவே
இரண்டு கார் நிறுத்தினால்
நாலரை அடி மிஞ்சுகிறது.
நாலரை அடியில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கும்,
கரி மூட்டை சாய்க்கவும் இடமிருக்கும்.
இஸ்திரி வண்டிக்கு மென்பொருளில் குறியீடு கிடையாது.
ஒரு காரைச் சுருக்கி வைத்தேன்.
சரிபார்த்த ஹஃபீஸா கேட்டாள்:
"இதென்ன மேடம், பொம்மைக் காரா?"

மட்டம் பார்த்துக்கொண்டே போன
சர்வேயர் முனிரத்தினம்
ஆறாம் நம்பர் ஷெட் சுவரருகே நின்றுவிட்டார்.
செங்கல்லில் இடுப்பளவு ஒரு பழுப்புக் கோடு.
அதற்கு மேலே இன்னொன்று.
"மழையே லெவல் போட்டு வெச்சிருக்கு" என்றார்.
குறித்துக்கொண்டார்.

மேல்கோட்டுக்கும் மேலே தரையை ஏற்றினோம், ஐந்தடி.
கேட்டருகே பீஃப் வறுவல் போடும் தேவகிருபை
சட்டியைக் கிளறியபடியே கேட்டாள்:
"நீங்க ஏறிக்கினீங்க, சரி.
தண்ணி எங்கம்மா போவும்?"
அவள் வீடு எதிர்ச்சாரியில்.

நீச்சல்குளத்தை அழித்து
வெறும் பள்ளமாக வரைந்து அனுப்பினேன்,
மழை வந்து நிற்கட்டும் என்று.
நீல வண்ணம் தீட்டித் திரும்பி வந்தது,
கூடவே இரண்டு அலங்காரப் பனை.

எந்த வரைபடத்திலும் இல்லாத ஒன்று:
தெற்குச் சுவரின் உடைப்பில் புகுந்து
ஷெட்டுகளுக்குக் குறுக்கே
ஸ்டேஷன் பக்கம் போகும் தடம்.
புல் முளைக்காத கோணல் கோடு.
யாரும் போட்ட பாதையில்லை, நடந்து நடந்து ஆனது.
ஒரு விடிகாலை போய் நின்றேன்.
ஐந்தே முக்காலுக்குள் எண்பத்தேழு பேர்.
பெரும்பாலும் பெண்கள்,
கழுத்தில் எங்கோ துடைக்கப்போகும்
ஆபீஸின் அடையாள அட்டை,
கையில் டிபன் கூடை.
ஒருத்தியும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.
ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

மீட்டிங்கில் தடத்தைச் சிவப்பில் காட்டினேன்.
"பொதுவழியா? அப்புறம் சதுர அடிக்கு
ஒன்பதாயிரம் எவன் குடுப்பான்?"
"கீழே நாற்பது கடை போட்டிருக்கோமே சார்,
அதுக்கு ஆள் எங்கேர்ந்து வரும்?"
அறம் பேசியிருந்தால்
அன்றைக்கே கணக்கு முடித்திருப்பார்கள்.
வாடகை பேசினேன்.
அவர் பேனா மூடியைக் கடித்தார்.
"சரி. ஒரு கேட் வெச்சிருங்க.
காலையில ஆறு மணிக்குத் திறக்கலாம்."

ஆறு மணி.

இப்போது கதவு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன்.
இரண்டாயிரத்துச் சொச்சம் கதவு.
ஒவ்வொன்றுக்கும் கீல், கைப்பிடி, தாழ், பூட்டு.
தெற்கு கேட், வரிசை எண் நான்கு.
கீல் உண்டு.
கைப்பிடி உண்டு.
பூட்டு என்கிற கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு இழுத்திருக்கிறேன்.
பார்க்கிறவர் பிழை என்று நினைக்கலாம்.
முப்பத்தெட்டாம் பக்கம் வரைக்கும்
யார் படிக்கிறார்கள்?