ஒன்பதாவது கதவு

ஒன்பது கதவுகள். ஒவ்வொன்றிலும்
இருபத்தைந்துக்கு அறுபது சென்டிமீட்டர் துளை,
கெட்டிக் கண்ணாடி, ரப்பர் விளிம்பு.
கூமோ ஊர்ச் சறுக்கு மன்றத்தின் வேலைத்தாளில்
காரணம் என்ற கட்டத்தை
யாரும் நிரப்பவில்லை.

நானும் கேட்கவில்லை. தச்சுக்காரிக்கு அளவு போதும்.
ஆனால் எந்த உயரத்தில் என்று முடிவுசெய்ய
கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.
"யார் மேலயாவது சந்தேகமா?" என்றார் பொருளாளர் உர்போ.
"வெய்க்கோ பயிற்சி கொடுக்க வந்து இருபத்திரண்டு வருஷம்.
நம்ம வீட்டு ஆள்."
மார்கெத்தா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.
"கண்ணாடிக்கு யார் பேரும் தெரியாது, உர்போ.
என்னையும் காட்டும். உன்னையும் காட்டும்."
கொஞ்ச நேரம்
பனித்தளத்தை மழிக்கும் வண்டியின் சத்தம் மட்டும்.

தரையிலிருந்து நூறில் ஆரம்பித்து நூற்றறுபதில் முடிக்கலாம் என்றேன்.
வழியே போகிறவருக்கு உள்ளே தெரியணும்;
எட்டு வயசுப் பிள்ளைக்கு
உள்ளேயிருந்து வெளியே தெரியணும்.
உடை மாற்றும் அறைக்கு வேறு விதி:
பெரியவர் ஒருவர் தனியாகப் போகக்கூடாது.
அதற்கு ரம்பம் உதவாது.

மூன்று நாள் வேலை. வெய்க்கோ
ஏலக்காய் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தார், சூடாக.
"அந்தக் கடைசி ஒன்றை விட்டுவிடேன்,
பிளேடு தீட்டுகிற அறை,
பொறி பறக்கும், கண்ணாடி நிற்காது."
நிற்கும் என்றேன்.
அவர் முகத்தில் எதுவும் இல்லை.
முகத்தில் எதுவும் இருக்காது என்பதால்தானே
கதவை அறுத்துக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் இல்போ
பதினோரு வயதில் நீச்சலை விட்டான்.
சோம்பேறி என்றார் அப்பா. நானும் சொன்னேன்,
அவன் நீச்சல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.
அந்தக் குளத்துக் கட்டடத்தில்
கதவுகள் முழுப் பலகை.
நல்ல பைன், ஒரு முடிச்சு கிடையாது.
இப்போது அவனுக்கு ஐம்பத்திரண்டு.
குளித்து முடிக்கும்வரை
குளியலறைக் குழாயை நிறுத்த மாட்டான்,
யாராவது தட்டினால்
பேச மாட்டான்.

நடக்காமல் போனதற்கு
யாரிடம் போய்க் கூலி கேட்பது?
கேட்கவில்லை. ஒன்பது கதவுக்கு வாங்கினேன்.

பிப்ரவரியில் கீல் ஒன்று இறங்கிவிட்டதென்று
மறுபடி போனேன். மாலை, வெளியே மைனஸ் இருபத்தாறு.
ஒன்பதாவது கதவின் கண்ணாடி மேல், உள்பக்கமாக,
அணியின் போஸ்டர்.
நாலு மூலையிலும் நாடா, நேர்த்தியாக,
குமிழி இல்லாமல்.
யாரோ அழகுக்கு ஒட்டியிருக்கலாம்.
வெயிலே இல்லாத ஊரில் வெயிலுக்கு ஒட்டியிருக்கலாம்.

நகத்தால் ஒவ்வொரு மூலையாக உரித்தேன்.
வாசலில் சங்கிலி கட்டிய நோட்டு தொங்குகிறது,
அட்டையில் மார்கெத்தாவின் கையெழுத்து:
சின்னதாகத் தெரிவதையும் எழுதுங்கள்.
எடுத்துவந்து, தீட்டும் மேசைமேல் வைத்து எழுதினேன்:
செவ்வாய், ஐந்து பத்து. ஒன்பதாம் கதவு.
கண்ணாடியை மறைத்துப் போஸ்டர். எடுத்துவிட்டேன்.
கீழே என் பேர், ராய்லி, முழுசாக.

நிமிர்ந்தபோது
வெளியே ஒரு சிறுமி,
சறுக்குக் காலணிகள் தோளில் தொங்க,
உள்ளே யார், எத்தனை பேர் என்று பார்க்கிறாள்.
நான் ஒருத்தி. கையில் உளி.
சிரிக்கத் தோன்றியது, சிரிக்கவில்லை.
நின்று, நன்றாகவே பார்த்துவிட்டுப் போனாள்.
மூச்சுப் பட்ட இடம் மட்டும்
கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்தது,
நூற்றுப் பதினைந்தில்.